லோக்கல் ஆள்

“அட்ரஸ மாத்து ஏஞ்சலு,” என்றார் பார்த்திபன் அண்ணன். கும்மிடிப்பூண்டி ஜெராக்ஸ் கடையில் என் ரெஸ்யூமைப் பிரிண்ட் எடுக்க நின்றிருந்தோம். சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்துவிடுகிறவர் அவர்.

“செவ்வாப்பேட்டைல உங்க சித்தி ஊடு கீதுல்ல, அத்தப் போடு. லோக்கல்னா எடுக்க மாட்டான். யாருக்காச்சும் அடிபட்டா ஊரே கம்பெனி கேட்டாண்ட வந்து நிக்குதாம்.”

“நிக்காம?”

“உனுக்கு வேலை வேணுமா, வாய் வேணுமா?”

வேலைதான் வேண்டும். டிப்ளமோ முடித்து இரண்டு வருடமாகச் சும்மா இருக்கிறேன். எங்கள் தெருவில் பாதிப்பேர் இப்படி வெளியூர்க்காரர்களாகித்தான் வேலைக்குப் போகிறார்கள். மோனிகா அக்கா கம்பெனி ரெக்கார்டில் திண்டிவனத்துக்காரி. ஷிப்ட் முடிந்தால் எதிரே இருக்கிற வீட்டுக்கு நேராக வர முடியாமல், பஸ் ஸ்டாண்டு வரை போய்ச் சுற்றிக்கொண்டு வருவாள். சொந்த ஊரில் என்ன திருட்டுப் பிழைப்பு இது என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் மாற்றினேன்.

எச்.ஆர். மேடம் கம்பெனியின் மாடி அறையில் என் ரெஸ்யூமைப் புரட்டினார்.

“செவ்வாப்பேட்டையா? சென்ட்ரல் போய் ட்ரெய்ன் மாறி வரணும். பரவால்ல, தூரத்துலேர்ந்து வர்றவங்கதான் ஒழுங்கா வர்றாங்க. இந்த ஊர் ஆளுங்கன்னா ஒரே தகராறு. திங்கக்கிழமை ஜாயின் பண்ணிடுங்க.”

வேலை கிடைத்துவிட்டது. சிரித்துத் தலையாட்டிவிட்டு எழுந்து வர வேண்டும், அவ்வளவுதான். எனக்கோ உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போன வருடம் சாம்சன் மாமாவின் விரல்கள் இங்கே மிஷினில் போனபோது, ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்டு இந்தக் கேட்டில் நின்றவர்களில் அம்மாவும் ஒருத்தி. அதுதான் தகராறாம்.

மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்தேன். செவ்வாப்பேட்டையை அடித்தேன். எங்கள் தெருவின் பெயரை எழுதி, தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

“நான் லோக்கல்தான் மேடம்.”

அவர் முகம் மாறியது. “இதை முதல்லயே சொல்லியிருக்கணும்மா.”

“சொல்லியிருந்தா உள்ளயே வுட்டிருக்க மாட்டீங்க. மார்க்கப் பாருங்க, வேலை தெரியுமான்னு கேளுங்க. இல்லன்னா, இந்த ஊர்க்காரின்றதால வேணாம்னு அதுலயே எழுதிக் குடுங்க. வாங்கிக்கினு போறேன்.”

நான் எழுந்திருக்கவில்லை. அவர் பேனாவைத் தொடவில்லை.

“உங்க வீடு எங்க இருக்கு?” என்றார்.

அவருக்குப் பின்னாலிருந்த ஜன்னலைக் காட்டினேன். நாற்காலியோடு திரும்பினார். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம், எங்கள் மொட்டைமாடியில் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கம்பெனிப் புகையின் கரி படிவதற்குள் கொடியிலிருந்த துணிகளை அவசர அவசரமாக உருவிக்கொண்டிருந்தாள்.