பனிக்குள் வந்த பாசஞ்சர்

1943 ஜனவரி முதல் வாரம். திண்டிவனத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த தேவசகாயத்திடம் அவருடைய மாமனார் ஓர் ஆசையைச் சொன்னார். மாமனார் சவுரிராயன் விழுப்புரத்தில் எஞ்சின் டிரைவர். அந்தச் சனிக்கிழமையோடு அவருக்கு ஓய்வு. எங்கேயோ ஓர் அதிகாரியின் அறையில் அவர் காலண்டர் படம் ஒன்றைப் பார்த்துவிட்டிருந்தார்.

“வெள்ளை வெளேர்னு பனி மலைங்க, நடுவுல பாசஞ்சர் வண்டி ஒண்ணு புகையக் கக்கிக்கினு வருது. நமக்கு அந்தப் பனிக்கு எங்க போறது? மார்கழி மூட்டம் இருக்குது, மயிலம் மலை இருக்குது. கடைசி நாளு என் வண்டிய அதுக்குள்ள வெச்சு எடுத்துக் குடுங்க மாப்ள.”

“யுத்த காலம் மாமா. ரயிலு, பாலம், எதையும் படம் எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குது.”

“விடியக்காலைல யாரு பாக்கப் போறாங்க? ரெண்டு நிமிஷ வேலை.”

மாமனார் அதுவரை தேவசகாயத்திடம் எதுவும் கேட்டதில்லை. மறுக்க வாய் வரவில்லை.

சனிக்கிழமை விடியும் முன்பே பெட்டிக் கேமராவையும் முக்காலியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். பேரணி ஸ்டேஷனைத் தாண்டி வரும் வண்டி, மயிலம் ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு வளைவில் திரும்பும். அங்கே ஒரு கரும்புக் கொல்லையின் ஓரத்தில் இறங்கினார். கிழக்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. பத்தடிக்கு அப்பால் தன் சைக்கிளே தெரியவில்லை. இப்படி இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான், தட்டில் கொட்டிக் கொளுத்தினால் மின்னலாக எரியும் வெளிச்சப் பொடியையும் எடுத்து வந்திருந்தார்.

கேமராவை நிறுத்திவிட்டு, வண்டி எந்த இடத்துக்கு வரும்போது படம் எடுப்பது என்று பார்க்கத் தண்டவாளத்தின் மேல் நடந்தார். செருப்பில் ஏதோ இடறியது. குனிந்து எடுத்தார். போல்ட். பக்கத்தில் இன்னொன்று. இரண்டு தண்டவாளங்களைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டை கழன்று சரளையில் கிடந்தது. ஒரு தண்டவாளத்தின் முனை நான்கு விரல் அகலம் வெளியே தள்ளியிருந்தது.

முந்தின ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் தொடங்கியதிலிருந்து பல இடங்களில் இப்படி நடந்ததாகக் கேள்விப்பட்டிருந்தார். யாராவது இப்போது வந்தால் என்ன பார்ப்பார்கள்? கழன்ற தண்டவாளம், தடைசெய்யப்பட்ட கேமரா, கையில் போல்ட்டோடு ஓர் ஆள். போல்ட்டைக் கீழே போட்டார்.

“யார்ரா அது?”

பனிக்குள்ளிருந்து ஓர் அரிக்கேன் விளக்கும் ஒரு தடியும் வந்தன. பிறகு ஓர் ஆள் தெரிந்தான். இடுப்பில் ஒரு துண்டு, தலையில் கோணிச் சாக்கு. தண்டவாளத்தைக் காவல் காக்க ஊர்க்காரர்களை முறை வைத்து நிறுத்தியிருந்த காலம் அது. அவன் தேவசகாயத்தின் சட்டையைப் பிடித்தான். விளக்கைத் தாழ்த்தியவன் கீழே கிடந்ததைப் பார்த்தான்.

“நீதானா பண்ண?”

“நான் இல்லய்யா. இப்பத்தான் வந்தேன். போட்டோக்காரன் நான். இந்த வண்டி டிரைவரு என் மாமனாரு!”

அவன் அவர் முகத்தையே பார்த்தான். சட்டையை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“ஐயோ. கண்ணு அசந்துட்டேனே சார். கொஞ்ச நேரந்தான். என் பேரு மண்ணாங்கட்டி, இது என் முறை. என்னைக் கொன்னுடுவாங்க சார். வாங்க, ஜல்தி ஓடிப்புடலாம். நீங்களும் இல்ல, நானும் இல்ல. யாரு கேக்கப் போறாங்க?”

அந்தச் சமயத்தில் தெற்கே விசில் கேட்டது. வண்டி பேரணியை விட்டுக் கிளம்பிவிட்டது.

ஓடிவிடத்தான் தேவசகாயத்தின் கால்கள் விரும்பின. இதை அவர் பிற்பாடு மனைவி ஜெயத்திடம் ஒளிக்காமல் சொன்னார். சைக்கிள் இருக்கும் பக்கம் இரண்டடி எடுத்தும் வைத்தார். அப்புறம் திரும்பிப் பொடி டப்பாவையும் தட்டையும் எடுத்துக்கொண்டு, வண்டி வரும் திசையில் தண்டவாளத்தின் நடுவே ஓடினார்.

“சார்! மாட்டிக்குவீங்க சார்!” என்று மண்ணாங்கட்டி பின்னால் கத்தினான்.

எவ்வளவு தூரம் ஓடினார் என்று அவருக்குத் தெரியாது. மூட்டத்தில் சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. நின்று, பொடி முழுவதையும் தட்டில் கொட்டித் தீக்குச்சியை உரசினார். நமுத்துப் போயிருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. மருந்து உதிர்ந்ததே தவிர எரியவில்லை. காலடியில் தண்டவாளம் அதிர ஆரம்பித்தது.

பின்னாலிருந்து மூச்சிரைக்கும் சத்தம் வந்தது. மண்ணாங்கட்டிதான். விளக்கோடு ஓடி வந்து அதன் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தான்.

“இதுல பத்த வைங்க சார்!”

தேவசகாயம் சட்டைப் பையிலிருந்த காகிதத்தைச் சுருட்டித் திரியில் காட்டினார். அது பிடித்தது. தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காகிதத்தைப் பொடியில் வைத்தார்.

பனி முழுவதும் வெள்ளையாக வெடித்தது. வலது கை எரிந்தது. இருவரும் கரையில் உருண்டு விழுந்தார்கள். பிரேக்கின் கிறீச்சல் காதைக் கிழித்தது. கரிய எஞ்சின் அவர்களைத் தாண்டி உரசிக்கொண்டே போனது. தேவசகாயம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மோதும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. கழன்ற இடத்துக்குச் சுமார் இருபதடி முன்னால் வண்டி நின்றிருந்தது.

ஜனங்கள் இறங்கினார்கள். தண்டவாளத்தைப் பார்த்தார்கள். கேமராவைப் பார்த்தார்கள். “இவன்தான்டா கழட்டினவன்! போட்டா புடிக்க வந்துக்கிறான் பாரு!” என்று ஒருவன் கத்தினான். யாரோ அவர் கழுத்தைப் பிடித்தார்கள். எஞ்சினிலிருந்து குதித்து வந்த சவுரிராயன், “அவரு என் மாப்ளடா, விடுங்கடா!” என்று கூட்டத்துக்குள் புகுந்து தடுத்தார்.

“அப்ப நீயும் கூட்டா?” என்று அவரையும் தள்ளினார்கள்.

கூட்டத்தின் பார்வை காவல்காரன் பக்கம் திரும்பியது. “நீ சொல்லுய்யா. நீதானே புடிச்ச?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மண்ணாங்கட்டி தப்பித்துவிடுவான். அது தேவசகாயத்துக்குத் தெரிந்தது. அவன் சொல்லிவிடுவான் என்றே நினைத்தார். அவனுடைய இடத்தில் தான் இருந்தால் சொல்லியிருப்போம் என்றும் நினைத்தார்.

மண்ணாங்கட்டி தலையிலிருந்த கோணிச் சாக்கை எடுத்தான். “நான் தூங்கிட்டேங்க. எவன் கழட்டினான்னு தெரியாதுங்க. இவரு அப்புறமாத்தான் வந்தாரு. நான் ஓடிப்புடலாம்னு சொன்னேன். இவருதான் நெருப்பக் கொளுத்தி வண்டிய நிறுத்தினாரு.”

கழுத்தைப் பிடித்திருந்த கை விலகியது.

இருவரையும் விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார்கள். மாமனாரின் சாட்சியத்தால் தேவசகாயத்தை நான்காம் நாள் விட்டுவிட்டார்கள். கேமரா திரும்பக் கிடைக்கவில்லை. காவலில் தூங்கியதற்காக மண்ணாங்கட்டிக்கு மூன்று மாதம் சிறை. கழற்றியவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. சவுரிராயன் அந்தப் படத்தைப் பற்றி மறுபடி பேசவே இல்லை.

கைப்புண் ஆறியதும், பிப்ரவரியில், தேவசகாயம் விழுப்புரம் சிறைக்கு மண்ணாங்கட்டியைப் பார்க்கப் போனார். முந்தின நாள் அவன் மனைவி பாஞ்சாலியைத் தேடிப் போய், அவள் கொடுத்த வறுத்த மல்லாட்டைக் கடலையைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். தானும் நான்கு நாள் அடைபட்டிருந்த அந்தக் கட்டிடத்தின் வாசலைத் தாண்டும்போதே அவருக்கு வியர்த்தது. மறுபடி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்றே மனம் சொல்லியது.

மண்ணாங்கட்டி மெலிந்திருந்தான். மல்லாட்டையை வாங்கிக்கொண்டான்.

“அந்த வண்டில கொழந்தைங்க இருந்திச்சா சார்?” என்று கேட்டான். “நான் தலையே தூக்கல. ஒண்ணும் பாக்கல.”

“இருந்திச்சுங்க. ஒண்ணு ஜன்னலண்ட உக்காந்து அழுதுகினே இருந்திச்சு.”

“அடிபட்டுதா?”

“இல்ல. பசி போல இருக்குது.”

அவன் தலையை ஆட்டினான். ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டான்.

வெளியே வந்தபோது ஸ்டேஷன் பக்கம் ஏதோ ஒரு வண்டி ஊதியது. தேவசகாயம் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்து எழுந்து, திண்டிவனத்துக்கு ரயிலேறாமல், பஸ் நிற்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு நடந்தார்.