பேசாதவர் மேல் ஏறும் எடை

எங்கள் ஊரில் ஒருவர் உடம்பில் குறைகிற எடை காற்றோடு போவதில்லை. அவருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லையோ, அவர் மேல் போய் ஏறிக்கொள்ளும். மேலத்தெருவில் ஒருவர் மாதம் முழுக்க வியர்க்க வியர்க்க ஓடி நாலு கிலோ குறைத்தால், கீழத்தெருவில் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பங்காளிக்குச் சட்டைப் பொத்தான் தெறிக்கும். வாய்ச்சண்டை போடுகிறவர்களுக்கு இது ஒட்டாது. எப்படியோ அவர்கள் பேச்சில்தானே இருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு வன்மம் வளர்க்கிறவர்களுக்கு மட்டும்தான் இந்த யோகம். எப்போதிருந்து இப்படி என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இது வெளியே தெரிவதற்கு முன்னால் எங்கள் ஊரில் ஒருவரும் இளைத்ததே கிடையாது.

இளைக்கவைத்த புண்ணியவதி, சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்த நர்ஸ். வந்த வாரமே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடை பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். மாடியில் இருக்கிற வகுப்புக்கு ஏறுவதற்குள் பத்து வயசுப் பிள்ளைகள் நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கின. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று சொல்லி, பள்ளிக்கூடம், பேக்கரி, பஸ் கம்பெனி, நகராட்சி என்று எல்லாரையும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, அதற்குக் ‘கூட்டு முயற்சிக் குழு’ என்று பெயரும் வைத்தாள். ஒற்றுமையாக இருந்தால் ஊர் இளைக்கும் என்று அவள் நம்பினாள். எங்கள் ஊரைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. முதல் கூட்டத்தில் மேஜை மேல் டீயும் கிரீம் பன்னும் வைத்திருந்தார்கள். சண்டை அந்தப் பன்னிலிருந்துதான் கிளம்பியது.

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையும் பேக்கரிக்காரியும் கூடப்பிறந்தவர்கள். அவர்களுடைய அம்மாவுக்கு உடம்பு பெருத்து, சர்க்கரை ஏறி, ஒரு காலை எடுத்தார்கள். இன்னொரு காலையும் எடுக்க வேண்டும் என்று சொன்ன அன்றைக்கே அவள் போய்ச்சேர்ந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் அந்தச் சாவிலிருந்து ஆளுக்கொரு பாடம் எடுத்துக்கொண்டார்கள். பெரியவள் அன்றிலிருந்து வாயைக் கட்டினாள். சின்னவள், இருக்கிறவரைக்கும் மனுஷன் ருசியாகச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று பேக்கரி திறந்தாள். அவள் கடையின் பாதி வியாபாரம் பள்ளிக்கூடத்து இடைவேளை மணியை நம்பி இருந்தது.

குழுவில் பெரியவள் எழுந்து நின்று, வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்: “இனிமே பள்ளிக்கூட கேட்டுக்குள்ள பேக்கரி சாமான் எதுவும் வரக்கூடாது.”

“யாரைக் கேட்டு முடிவு பண்ணுனே?” என்றாள் சின்னவள்.

“அம்மாவைக் கேட்டுத்தான்.”

சின்னவளுக்கு முகம் செத்துப்போனது. “கூடப்பிறந்தவன்னு பார்க்காம என் வயித்துல அடிச்சிட்டே. இனிமே உன் முகத்துல முழிச்சா என்னன்னு கேளு” என்று சொல்லிவிட்டு, மேஜையில் இருந்த பன் தட்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். டீயை வெறுமனே குடித்த நகராட்சித் தலைவர், கூட்டம் சிறப்பாக நடந்தது என்று முடித்துவைத்தார்.

நர்ஸ் அதற்குப் பிறகு ஒரு தப்பு செய்தாள். நடைப்பயிற்சிக்கு ஆட்களைப் பிரிக்கும்போது, ஒத்துப்போகிறவர்களாகப் பார்த்துக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்துவிட்டாள். சிநேகிதனோடு சிநேகிதன், பக்கத்து வீட்டோடு பக்கத்து வீடு. வெளியூரில் இது சரியாக இருக்கலாம். இங்கே கூடி நடந்தவர்களின் எடை எல்லாம் கூடாதவர்களின் வீட்டுக் கதவைத் தட்டியது. தலைமையாசிரியை தன் ஆசிரியைகள் புடைசூழப் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பி, கடைத்தெரு வழியாகக் கையை வீசி நடந்து, பேக்கரி வாசல் வரைக்கும் போய்த் திரும்புவாள். திரும்புவதற்கு வேறு இடமா கிடைக்கவில்லை? சின்னவள் கல்லாவில் உட்கார்ந்தபடி பூனையைப் பார்த்து ஜாடை பேசுவாள்: “சிலருக்குக் கையை வீசி நடந்தா ஊரையே ஆளுறதா நினைப்பு.” பூனை கேட்டுக்கொள்ளும். அந்த மாத முடிவில் பெரியவளுடைய ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது, சின்னவளுடையதைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. இரண்டையும் தைத்தது ஒரே தையல்காரி. விஷயம் ஊருக்குத் தெரிய அது போதாதா?

தெரிந்த பிறகு ஊர் இளைத்த வேகம் இருக்கிறதே, அதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. ஆரோக்கியம் என்று தொண்டை கிழியக் கத்தினபோது காது கொடுக்காத ஜனம், எதிரியைக் குண்டாக்கலாம் என்றதும் விடிவதற்குள் தெருவில் இறங்கியது. மருமகளோடு பேச்சை நிறுத்தியிருந்த ஒரு மாமியார், வாழ்நாளில் முதல்முறையாக இனிப்பைத் தள்ளிவைத்தாள். வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் மாறி மாறிப் பட்டினி கிடந்தார்கள். பாதி ஊர் முகங்கொடுத்துப் பேசாத நகராட்சித் தலைவர் மேல் பாதி ஊரின் கொழுப்பும் இறங்கியது. அவர் ஏறிய மேடை இரண்டு முறை உடைந்து, மூன்றாவது முறை தரையில் நின்றே பேசி, பிறகு பதவியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். பாவப்பட்டவர் தபால்காரர்தான். எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறவர். எவ்வளவு நடந்தும் அவருக்கு ஒரு கிராம் குறையவில்லை, போக இடம் இல்லையே. கடைசியில் மச்சானோடு வேண்டுமென்றே முறைத்துக்கொண்டு, மூன்றே வாரத்தில் பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். மச்சான் இன்னும் அவருக்குச் சாபம் விட்டுக்கொண்டிருக்கிறார்.

நர்ஸ் இதையெல்லாம் பார்த்து அழுதாள். ஊரின் மொத்த எடை குண்டுமணி அளவும் குறையவில்லை, ஆள்தான் மாறியிருந்தது.

பேக்கரிக்காரிக்கு நிலைமை முற்றியது. அடுப்பறைக்குப் போகிற மூன்று படியை அவளால் ஏற முடியவில்லை. கல்லா நாற்காலியை எடுத்துவிட்டு மாவு மூட்டை அடுக்குகிற பலகையில் உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். ரொட்டி சுடுகிற அவள் புருஷன், மாவு ஒட்டின கையோடு பெரியவள் வீட்டுக்கு ஓடினான்.

“அக்கா, உங்க காலில விழறேன். நடக்கிறதை நிறுத்துங்க. அவ செத்துருவா.”

பெரியவள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். “எனக்கும் சர்க்கரை வந்தாச்சு. நடக்கலைன்னா எனக்குக் கால் போகும். நடந்தா அவளுக்கு உயிர் போகும். நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க.”

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனான். அன்று சாயங்காலம் பெரியவள், வீறாப்பையெல்லாம் விழுங்கிக்கொண்டு, சமாதானம் பேச பேக்கரிக்குப் போனாள். சின்னவள் அவள் நிழலைப் பார்த்ததுமே ஷட்டரை இழுத்து மூடச் சொன்னாள். மூடின ஷட்டருக்கு வெளியே பெரியவள் கொஞ்ச நேரம் நின்றாள். கடைத்தெருவே பார்த்தது. இவ்வளவு அவமானம் அவளுக்கு அதற்கு முன்னால் நடந்ததில்லை. மறுநாள் அவள் வழக்கத்தைவிட வேகமாக நடந்தாள்.

சின்னவளுக்கும் ரோஷம் இல்லாமலா போகும்? “அவ மட்டும்தான் ஏத்துவாளா, நான் ஏத்தமாட்டேனா” என்று ரொட்டித் தட்டு வைக்கிற தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலையில் கடையை விட்டு இறங்கினாள். அந்தப் பக்கமிருந்து அக்கா, இந்தப் பக்கமிருந்து தங்கை. கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். தபாலாபீஸ் எதிரே இருக்கிற மின்கம்பத்துக்குப் பக்கத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கடந்தபோது, தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது. தார்ச்சாலை அந்த இடத்தில் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. அக்காவை விட்டுத் தங்கையைத் தேடிப்போன எடையும், தங்கையை விட்டு அக்காவைத் தேடிவந்த எடையும் நடுவழியில் முட்டிக்கொண்டு கீழே விழுந்துவிட்டன. நர்ஸ் இருவரையும் தனித்தனியாக எடை பார்த்தாள். இருவருக்கும் குறைந்திருந்தது, யாருக்கும் ஏறவில்லை.

அன்றைக்கே அவள் பழைய கூட்டங்களைக் கலைத்தாள். பேச்சில்லாதவர்களைத் தேடிப் பிடித்து ஜோடி சேர்த்தாள். ஒரே சாலையில், ஒரே நேரத்தில், எதிரெதிராக நடக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் சமாதானம் ஆகக் கூடாது. இதுதான் கூட்டு முயற்சியின் சட்டம். மாமியாரும் மருமகளும் வந்தார்கள். முன்னாள் தலைவருக்கு ஜோடி அதிகம் என்பதால் நாள் முழுக்க நடந்தார். ஒரு சாவு வீட்டில் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழப்போன நேரத்தில், நர்ஸ் குறுக்கே விழுந்து, “தயவுசெஞ்சு பேசிடாதீங்க, ரெண்டு பேருக்கும் கொலஸ்ட்ரால் இருக்கு” என்று பிரித்துவிட்டாள். பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் காலையில் வகுப்புக்கு நடந்தே வந்தன; நடுப்படியில் இப்போது யாரும் உட்காருவதில்லை. சாலைதான் வருஷாவருஷம் பள்ளமானது, நகராட்சி வருஷாவருஷம் ஜல்லி கொட்டியது. பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களைப் போல மோசமான ஜனம் உலகத்திலேயே இல்லை என்றார்கள். எங்களைப் போல ஒல்லியான ஜனமும் இல்லை.

ரொட்டி சுடுகிற கை நின்றுபோனது பல வருஷம் கழித்து. புருஷன் செத்த வீட்டில் சின்னவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெரியவள் வந்து, வாசல் கேட்டருகே நாள் முழுக்க நின்றுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனாள். அதன்பிறகு சின்னவள் கடை திறந்தாள், ஆனால் நடக்க வரவில்லை. பெரியவளும் நடக்கவில்லை, நடந்தால் எங்கே போய் ஏறும் என்று அவளுக்குத் தெரியாதா. கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து காலையில் சும்மா நிற்பாள். அவள் காலில் ஒரு விரல் கறுக்க ஆரம்பித்திருந்தது. அதை மறைக்க மூடின செருப்பு போட்டுக்கொண்டாள்.

செருப்பு மாறினதைக் கல்லாவிலிருந்தே பார்த்தவள் சின்னவள்தான். அம்மாவும் முதலில் மூடின செருப்புதான் வாங்கினாள். மறுநாள் காலையில் சின்னவள் தள்ளுவண்டி இல்லாமல், சுவரைப் பிடித்துப் பிடித்து, கம்பம் வரைக்கும் வந்தாள். மூச்சு வாங்கியது. அத்தனை வருஷத்துக்குப் பிறகு அக்காவின் முகத்தை நேராகப் பார்த்து, “எனக்கு எதுக்கு இனிமே நடை, போதும்—” என்று வாயெடுத்தாள்.

பதில் சொன்னால் அது பேச்சாகிவிடும் என்று பெரியவள் சட்டென்று திரும்பிக் கம்பத்தைப் பார்த்தாள்.

“கம்பமே, உன்கிட்டதான் சொல்றேன், வேற யார்கிட்டயும் இல்லை. எங்கம்மா போனப்போ நான் வராந்தாவுல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன். இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது. அவளும் போயிட்டா, அப்புறம் நான் யார்கிட்ட பேசாம இருக்கிறது?”

சின்னவளும் கம்பத்தின் பக்கம் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளும் கம்பத்திடம் சொன்னாள்: “அதுக்குன்னு விடியறதுக்கு முன்னாடியே வந்து நிக்கணுமா? முதல் ரொட்டி வெந்து இறங்கினப்புறம் வரச்சொல்லு. அந்தச் செருப்பைக் கழட்டிட்டு டாக்டர்கிட்ட காட்டச்சொல்லு.”

நர்ஸ் பதறிப்போய் இருவரையும் எடை பார்த்தாள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஜாடைப் பேச்சு பேச்சில் சேராது. பூனையிடம் பேசின காலத்திலேயே அது நிரூபணமான விஷயம். பெரியவளுக்கு அந்த ஒரு விரலோடு போயிற்று, கால் தப்பியது. இருவரும் தினமும் எதிரெதிராக நடந்து வந்து, கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக நின்று, மருந்து, மழை, மாவு விலை, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த தலைமையாசிரியையின் திமிர் எல்லாவற்றையும் கம்பத்திடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

போன வருஷம் சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் கம்பத்தைப் பிடுங்கி ஓரத்தில் நட வேண்டும் என்றார்கள். ஒருவரோடு ஒருவர் பேசாத ஊர் முழுக்கத் திரண்டுவந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமலே, கம்பத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. அதனால் கம்பம் இப்போது நடுரோட்டில் நிற்கிறது. லாரிக்காரர்கள் பள்ளத்தில் இறங்கி ஏறி, கம்பத்தைத் திட்டிவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.