கடைசியில் எழுதிய தெரு

அமரர் வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டார். தெரு நெடுக நடுவில் இடுப்பளவு ஆழத்துக்குத் தோண்டிப் போட்டிருந்தது. உள்ளே நீலக் குழாய். இரண்டு பக்கமும் மண் குவியல், ஒற்றை ஆள் நடக்க இடம்.

கவுன்சிலர் காலையில் போய்ச் சேர்ந்தார். அவருடைய தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்ததோ முந்தாநாள்தான். இந்த மனிதருக்கு நேரம் பார்த்து எதுவும் செய்யவே தெரியாது என்று மகளுக்கு அழுகையோடு எரிச்சலும் வந்தது.

குழாய்க்கடை வைத்திருந்தவர். எந்த வீட்டில் ஒழுகினாலும் ஸ்பேனரோடு ஓடுவார். அந்த வீடுகள்தான் ஓட்டுப் போட்டன. ஜெயித்த வாரமே எந்தெந்தத் தெருவுக்குக் குழாய் போடுவது என்று பட்டியல். அவர் சொல்ல, மகள் எழுதினாள். சொந்தத் தெருவை முதலில் எழுதியவளை, அந்த வரியை அடித்துவிட்டுக் கடைசியில் எழுத வைத்தார்.

"முதல்லயே நம்ம தெருன்னா, கடைக்காரன் புத்தி போகலேம்பாங்க."

கடைசித் தெரு வரப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. லாரித் தண்ணீருக்கு அலைந்த அக்கம்பக்கம் அவரைச் சும்மா விடவில்லை. எதிர்வீட்டு அக்கா இரண்டு வருஷமாக அவரோடு பேசுவதே இல்லை. அவர் காதில் விழவேண்டியதைக் குடத்தைப் பார்த்துச் சொல்லுவாள்.

குழாய் போடும் கான்ட்ராக்டர் மகளிடம் வந்தார். "ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. அரை மணி நேரத்துல மூடிடறேன். வண்டி வாசல்லயே வந்து நிக்கும்."

"ஜாயின்ட்டுல தண்ணி விட்டுப் பாத்தாச்சா?"

"நாளைக்குத்தான் பாக்கணும்."

"இப்ப மூடிட்டா?"

"திரும்பத் தோண்டணும். அதுக்குத் தனியா உத்தரவு வாங்கணும்." அவர் வேறெங்கோ பார்த்தார். "எப்படியும் வந்துடும்."

எப்படியும் என்றால் என்ன அர்த்தம் என்று அந்தத் தெருவுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் வாசல்களில் நின்ற ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சாவு வீட்டில் எப்படிச் சொல்வது? எதிர்வீட்டு அக்காகூட உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊருக்கே உழைச்ச மனுஷன்டி," என்றாள் அம்மா. "வாசல்லேருந்து கௌரவமா போகட்டும்."

மகளுக்கும் அதுதான் ஆசை. வார்டு முழுக்க நடந்தே தேய்ந்தவர் இன்றைக்காவது வாசலிலிருந்தே வண்டியில் போகக் கூடாதா?

"மூட வேணாம்மா. பன்னெண்டு வருஷம் அப்பா திட்டு வாங்கினது இதுக்காகத்தான்."

அம்மா பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"தூக்கச் சொல்லு."

சவப்பெட்டியைத் தோளில் வைத்து நடக்க ஓரத்தில் இடம் போதவில்லை. எதிர்வீட்டு அக்காவின் புருஷன்தான் முதலில் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். அடுத்த வீட்டுக்காரர் இறங்கினார். அப்புறம் வீட்டுக்கு ஒருவராக, தெரு முழுக்க. பெட்டி கைமாறிக் கைமாறிப் போயிற்று. பாதி தூரத்தில் ஒருவர் கால் சறுக்க, பெட்டி லேசாகச் சாய்ந்தது.

"ஜாயின்ட்ட மிதிச்சிடாதீங்கய்யா, கவுன்சிலர் திட்டுவாரு!"

கத்தியது எதிர்வீட்டு அக்கா. சொன்ன பிறகுதான் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. பள்ளத்தில் நின்றவர்கள் கீழே பார்த்துப் பார்த்துக் காலை எடுத்து வைத்தார்கள்.