சுண்ணாம்புக் கோடு

நாலு வருஷமாகத் தூத்துக்குடியில் எந்த வீட்டு வாசலிலும் கிறிஸ்மஸ் நட்சத்திரம் எரியவில்லை. சண்டைக் காலம், கடலோரத்தில் விளக்கு வெளியே தெரியக் கூடாது என்று உத்தரவு. நாற்பத்தைந்தில் சண்டை ஓய்ந்ததும் ஊருக்கே நட்சத்திரப் பைத்தியம் பிடித்துவிட்டது. மூங்கில் சிம்புக்கும் பட்டத்தாளுக்கும் கடைத்தெருவில் அடிபிடி. அந்த டிசம்பரில்தானா ஞானபாய் புறவாசல் ஓலைக் கொட்டகையில் படுத்துக் கிடக்க வேண்டும்?

க்ஷயம் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் காலியில்லை. காலியாகும்வரை தனியாக இருக்கட்டும், பிள்ளைகள் கிட்டே வரவே கூடாது, அவள் எச்சில் பட்டது, இருமல் பட்டது எதுவும் வீட்டுக்குள் போகக் கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். அவள் புருஷன் தேவபிரசாதம் துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க். அதிகம் பேசத் தெரியாத மனிதர். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே, கொட்டகைக்கு ஆறு முழம் தள்ளி, முற்றத்தின் குறுக்கே சுண்ணாம்பைக் கரைத்து ஒரு கோடு போட்டார். பிறகு கிணற்றடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அழுதார். கோடு மட்டும் நேராகத்தான் வந்திருந்தது.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் விக்டோரியாவுக்குப் பத்து வயது. கோடு எதற்கு என்று அவளுக்குத் தெரியும். சின்னவள் தேவகனிக்கு நாலு. அவளுக்கு அது தாண்டிக் குதிக்கிற விளையாட்டு. நாளுக்குப் பத்துத் தடவை குதிப்பாள். பத்துத் தடவையும் வேதமணி ஓடிவந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். வேதமணி தேவபிரசாதத்தின் தங்கை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நாசரேத்திலிருந்து வந்தவள். நல்ல பெண். அவள் நல்லவளாக இருப்பதுகூடச் சில நாள் ஞானபாய்க்குப் பொறுக்கவில்லை. கெட்டவளாக இருந்தால் வாய் வலிக்கத் திட்டியாவது ஆறிக்கொள்ளலாம் அல்லவா?

பள்ளிக்கூடம் லீவு விட்ட அன்று விக்டோரியா கோட்டோரம் வந்து நின்றாள்.

"எம்மா, எல்லா வீட்டுலயும் நட்சத்திரம் கட்டுதாவ. நமக்கு யாரு கட்டுவா?"

"நீதான். நான் சொல்லுதேன், நீ செய்யி."

ஞானபாய் ஏழு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சராக இருந்தவள். நாற்பது பிள்ளைகளை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே ஆட்டிவைத்தவள். கயிற்றுக் கட்டிலைக் கொட்டகை வாசலுக்கு இழுத்துப் போட்டுச் சாய்ந்து, சேலைத் தலைப்பை வாய்க்குக் குறுக்கே கட்டிக்கொண்டாள். பழைய அதிகாரம் குரலில் திரும்பி வந்தது. அஞ்சு சிம்பை ஒரே அளவாக நறுக்கு. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பின்னு. இதே மாதிரி இன்னொன்று செய். இரண்டையும் முனைக்கு முனை சேர்த்துக் கட்டு. இப்போது நடுவில் குச்சி கொடு, வயிறு புடைக்கும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் போடலாமா என்று கேட்டாள் வேதமணி.

"வேண்டாம்ளா, அது விஷம். சின்னது பசையைத் திங்கும்" என்றாள் ஞானபாய்.

உண்மைதான். மண்ணோ, பொத்தானோ, மெழுகுவத்தியோ, தேவகனிக்கு எதுவும் ஒரு தடவை வாய்க்குள் போய் வந்தால்தான் இன்னதென்று விளங்கும்.

இரண்டு நாளில் நட்சத்திரம் எழும்பிவிட்டது. ஒரு கால் சற்றுக் கோணல். அது நொண்டி நட்சத்திரம், பெத்லகேமுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும் என்று ஞானபாய் கேலி செய்தாள். விக்டோரியா விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று மாதத்தில் ஞானபாய் சந்தோஷமாக இருந்த நாட்கள் அந்த இரண்டும்தான்.

சின்னவளுக்குத்தான் வேலை கிடைக்கவில்லை. மிஞ்சிய துண்டுத் தாளில் குட்டி நட்சத்திரம் செய்யச் சொன்னாள் ஞானபாய். தாளைச் சரியாக மடித்து, கத்தரியால் ஒரே ஒரு வெட்டு. விரித்தால் ஐந்து முனையோடு நட்சத்திரம். பாலர் வகுப்பில் சொல்வது போலவே சொன்னாள்: "முனையும் முனையும் முத்தம் குடுக்கணும், கனி. குடுத்துச்சா? இப்ப முதுகைத் தடவு." தேவகனி தடவினாள். தாள் கசங்கியது. மறுபடி தடவினாள், கிழிந்தது. நாலு வயசுப் பிள்ளைக்கு மடிப்புச் சொல்லால் வராது, விரலைப் பிடித்துத்தான் வரும். புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்களுக்கு ஞானபாயே எத்தனை தடவை சொல்லிக்கொடுத்த பாடம் அது! ஆறு முழ தூரத்தில் படுத்துக்கொண்டு, பிள்ளையின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நமநமவென்றது.

இருபத்து மூன்றாம் தேதி மத்தியானம் வேதமணி அடுப்படியில் முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தாள். விக்டோரியா கோவிலுக்குப் பாட்டுப் பழகப் போயிருந்தாள். தேவகனி ஒரு சிவப்புத் தாளும் கத்தரியும் எடுத்துக்கொண்டு வந்து, அன்றைக்கு அதிசயமாகக் குதிக்காமல், கோட்டின்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எம்மா, இது முத்தம் குடுக்க மாட்டேங்குது."

ஞானபாய்க்கு மனசு கேட்கவில்லை. தாளையும் கத்தரியையும் அங்கே வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்கச் சொன்னாள். எழுந்து வந்து எடுத்தாள். மடித்தாள், நடுவில் இருமல் வந்தது, கையை வைத்து இருமிவிட்டுச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி மடித்தாள். ஒரு வெட்டு. விரித்துக் கோட்டின்மேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். டாக்டர் சொன்னதை மறந்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய். ஒரு தடவைதானே, ஒரு துண்டுத் தாள்தானே என்று நினைத்தாள். பெற்றவளுக்கு அந்த அளவு ஆசைகூட இருக்கக் கூடாதா?

தேவகனி நட்சத்திரத்தை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு ஒவ்வொரு முனையாக உதட்டில் வைத்தாள். கடைசி முனையை வாய்க்குள்ளேயே விட்டுச் சப்பினாள். உதடெல்லாம் சிவப்புச் சாயம்.

"அஞ்சுக்கும் முத்தம் குடுத்துட்டேன், எம்மா."

கீழே போடு, துப்பு என்று ஞானபாய் தொண்டை கிழியக் கத்தினாள். குழந்தை அதை விளையாட்டென்று நினைத்தது. வாயில் நட்சத்திரத்தைக் கவ்விக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, சிரித்தபடி கோட்டைத் தாண்டி அம்மாவிடம் ஓடிவந்தது. கட்டிலுக்குக் கீழே மிஞ்சிப்போன சிம்பு ஒன்று கிடந்தது. ஞானபாய் அதை எடுத்து, ஓடிவந்த காலில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். குழந்தை நின்றது. அவள் இன்னொரு அடி அடித்தாள்.

அதுவரை அந்தப் பிள்ளையை அவள் அடித்ததே இல்லை. தேவகனிக்கு உடனே அழக்கூட வரவில்லை. வாயிலிருந்து தாள் விழுந்தது. அம்மாவை யாரோ தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

சத்தம் கேட்டு வேதமணி ஓடிவந்தாள். "என்ன மைனி, சின்னப் பிள்ளையப் போட்டு..." என்று ஆரம்பித்தவள், கீழே கிடந்த நட்சத்திரத்தையும் குழந்தையின் உதட்டையும் பார்த்தாள்.

"உப்புத்தண்ணி விட்டு வாயக் கழுவு. அதை அடுப்புல போடு" என்றாள் ஞானபாய். சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய்ச் சிம்பை முறித்துப் போட்டாள். முறித்து என்ன? அடித்த கை அவள் கைதானே.

அதன் பிறகு தேவகனி கோட்டைத் தாண்டவில்லை. புறவாசலுக்கு வருவதென்றால்கூடச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். இதைத்தான் மூன்று மாதமாக ஞானபாய் ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டது கிடைத்ததும் நெஞ்சு வெந்தது. இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் முன்வாசலில் நட்சத்திரத்துக்குள் விளக்கேற்றினார்கள். அதன் வெளிச்சம் புறவாசலுக்கு வராது. தெருவில் பிள்ளைகள் கூச்சல் போடுவது மட்டும் கேட்டது.

அன்றைக்கே ஆஸ்பத்திரியிலிருந்து கடிதமும் வந்திருந்தது. ஜனவரி பத்தாம் தேதிக்கு மேல் கட்டில் காலியாகும் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டிலிலிருந்து எத்தனை பேர் நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று தேவபிரசாதத்துக்கும் தெரியும், ஞானபாய்க்கும் தெரியும்.

கிறிஸ்மஸ் அன்று காலை ஆராதனை முடிந்து எல்லோரும் நேரே புறவாசலுக்கு வந்தார்கள். விக்டோரியா கோட்டோரம் நின்று அம்மாவுக்கு ஒரு பாட்டுப் பாடினாள். தேவகனி ரோஸ் நிறக் கவுனில், தலையில் ரிப்பனோடு, அத்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். தேவபிரசாதம் குனிந்து கூப்பிட்டார்.

"வா கனி. அம்மாட்ட கவுனைக் காட்டு. கோடு வரைக்கும் வா, போதும்."

"மாட்டேன். அம்மா அடிப்பா."

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நீ ஒரு வார்த்தை சொல்லு, ஞானம். பயம் போயிரும். இப்படியே விட்டுட்டுப் போவியா?"

ஒரு வார்த்தை போதும். அது ஞானபாய்க்கு நன்றாகத் தெரியும். 'வாளா, என் கண்ணு' என்று கூப்பிட்டால் அந்தக் கவுன் பறந்து வரும். கோட்டில் நிற்காது; இன்றைக்கு ஒரு தடவை, நாளைக்குப் பத்துத் தடவை. பத்தாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. சொல்லாமல் விட்டால், சாகிற வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு அம்மா என்றால் சிம்பு ஒன்றுதான் நினைவில் நிற்கும். அதுவும் அவளுக்குத் தெரியும். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

"ஆமா" என்றாள் ஞானபாய். "அடிப்பேன். அங்கனயே நில்லு."

தேவகனி அத்தையின் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.