இழுக்க முடியாத கார்

"அன்ரி, உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கார் விற்கும் பெட்டை கஜனி கேட்டபோது, எனக்கு வேண்டியிருந்தது இருக்க ஒரு கதிரை மட்டும்தான்.

காலையிலிருந்து இது மூன்றாவது கடை. என் மனுசன் பேனாட் எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல், படுக்கையும் குசினியும் உள்ள மோட்டர்ஹோம் ஒன்றை வாங்கி, றூஜிலுள்ள எங்கள் வீட்டு வாசலை மறித்து நிறுத்தியிருக்கிறார். அந்த யானையைக் கொண்டுபோய் ஒரு கடையடியிலும் நிறுத்த முடியாதாம். அதனால் பின்னால் கொளுவி இழுத்துப்போக ஒரு சின்னக் கார் வேண்டும். பெற்றோல் மிச்சம் பிடிக்க அது ஹைபிரிட்டாகவும் இருக்கவேண்டும். மே மாதம் வெளிக்கிட்டால் வன்கூவர் வரை போய், ஸ்னோ கொட்ட முன்னம் திரும்பலாமாம். நேர்சிங் ஹோமில் வயதான ஆட்களைத் தூக்கித் தூக்கி நாரி முறிந்து நான் வேலையை விட்டதே போன மாதம்தான். கொஞ்சக் காலம் ஒருவரும் என்னைக் கூப்பிடாமல் விட்டால் போதும் என்றிருந்தேன்.

பேனாட் கெட்ட மனுசன் இல்லை. வருசக்கணக்காக ட்ரக் ஓடியவர். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால் ஞாயிறு பூசை முடியப் போய்விடுவார். தனியப் பார்த்த மலையையும் ஏரியையும் எனக்குக் காட்டவேண்டும் என்று இப்போது ஆசைப்படுகிறார். காட்டட்டும், வேண்டாம் என்று ஆர் சொன்னது? ஆனால் மனுசனுக்கு வாய் ஓயாது. ட்ரக்குக்குள் கதைக்க ஆளில்லாமல் சேர்த்து வைத்த கதை முழுவதையும், ஓய்வுபெற்ற நாளிலிருந்து என் தலையில் கொட்டிக்கொண்டிருக்கிறார். மாதக்கணக்காகப் பக்கத்து சீற்றில் இருந்து 'ம்' கொட்டவேண்டும் என்று நினைக்கவே எனக்குத் தலை சுற்றியது.

சாம்பல் நிறக் கார் ஒன்றின் ஸ்டியரிங் பக்கத்துக் கதவைக் கஜனி திறந்துவிட்டாள். ஏறி இருந்து கதவைச் சாத்தினேன். கண்ணாடிக்கு அப்பால் பேனாட்டின் வாய் அசைந்தது; சத்தம் வரவில்லை. அட மாதாவே, என்ன சுகம்!

பேனாட் கதவைத் திறந்ததும் கஜனியின் குரலும் உள்ளே வந்தது.

"ஸொறி அங்கிள், இந்த மொடலை நாலு சில்லும் றோட்டில உருள இழுக்கேலாது. ட்ரான்ஸ்மிஷன் போயிடும். அந்த வைற் கார் ஓகே."

"அப்ப வெள்ளையைப் பாப்பம். இறங்கும் மக்டலீன்."

"எனக்கு இதுதான் வேணும்."

"உமக்கு விளங்கேல்லையே? உதை இழுக்கேலாது."

"ஓம், விளங்கினபடியாத்தான் கேக்கிறன். நீங்கள் மோட்டர்ஹோமில முன்னுக்குப் போங்கோ. நான் இதில பின்னால ஓடிக்கொண்டு வாறன்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"எனக்குக் களைச்சுப்போச்சப்பா. பகலில கொஞ்ச நேரமெண்டாலும் நான் தனிய இருக்கவேணும்."

கஜனி, பாவம், போனைப் பார்ப்பதுபோல அப்பால் நகர்ந்தாள். பேனாட் காரின் கூரையில் கையை வைத்தபடி நின்றார்.

"அப்ப எனக்குப் பக்கத்தில ஆர் இருக்கிறது?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் நல்லாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் கோபப்படவில்லை. ஆனாலும் நான் இறங்கவில்லை.

"ஒருக்கா ஓடிப் பாப்பமா அன்ரி?" என்று திரும்பி வந்த கஜனி மெல்லக் கேட்டுவிட்டுப் பின்னால் ஏறினாள். பேனாட் மற்றப் பக்கத்தால் சுற்றி வந்து, எனக்குப் பக்கத்தில் இருந்து, பெல்ற்றைப் போட்டார். நான் கார் ஓட அவர் பக்கத்தில் இருப்பது இதுதான் முதல்தரம். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

சந்தியில் சிவப்பு விழுந்தது. நான் பிறேக்கை அமத்த, அவருடைய வலது காலும், அங்கேயும் பிறேக் இருப்பதுபோல, தன் பக்கத்துக் கால்விரிப்பை இறுக்கி அமத்தியது. பச்சை விழுந்து கார் நகர்ந்த பிறகும் அவர் வாய் திறக்கவில்லை. காலையும் எடுக்கவில்லை.