எந்த இருநூறு பேர்

தோன் எவேலியோ காகிதத்தை என் பக்கம் தள்ளினார். பேனாவின் மூடியையும் அவரே கழற்றி வைத்தார், அவ்வளவு மரியாதை. நகராட்சியின் வரைபடப் பிரிவுக்கு அவர் தலைவர். நான் அங்கே இன்ஜினியர். எத்தனை பேர் ஒரே நேரத்தில் வரைபடத்தைத் திறந்தால் சர்வர் தாங்கும், கேபிள் தாங்கும் என்று கணக்குப் போடுவது என் வேலை. காகிதத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. புதிய வெள்ள வரைபடம் ஆற்றங்கரையில் இருக்கும் போர்தோ மக்கள் ஒன்பதாயிரம் பேருக்கும் போதுமானது என்று ஒரு வரி, அதன் கீழே நொயெமி சபலேத்தா என்று என் பெயர், பெயருக்கு மேலே கையெழுத்துக்கு ஒரு கோடு.

போதாது என்றேன்.

அவர் சிரித்தார். போன வாரம்தான் சோதனை செய்து பார்த்தோமே, நீயும் இருந்தாயே என்றார். இருந்தேன், அதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் அலுவலகத்தில் எதைத் திறந்தாலும் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, காப்பியும் ரொட்டியும் கொடுத்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தச் சொல்வது. அன்றைக்கும் அப்படித்தான். முப்பது பேர் அழுத்தினார்கள். எல்லாரும் திறந்தது நகராட்சிக்கு எதிரே இருக்கிற பூங்காவை, ஏனென்றால் தோன் எவேலியோ பூங்காவைத் திறக்கச் சொன்னார். முதல் ஆளுக்கு மட்டும் சர்வர் அந்தப் படத்தை வரைந்தது. மற்ற இருபத்தொன்பது பேருக்கும் வரைந்து வைத்ததையே எடுத்து நீட்டியது. ஒரே கோழியை முப்பது பேரும் எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் முப்பது கோழி இருக்கிறது என்று சந்தோஷப்பட்ட கதைதான். கை தட்டினார்கள்.

ஆறு ஏறும்போது யார் பூங்காவைப் பார்ப்பார்கள்? அவரவர் வீட்டைத்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் படம். தண்ணீர் அளவு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும், அதனால் வரைந்து வைத்த பழைய படம் எதற்கும் உதவாது. எங்களிடம் இருக்கும் ஒரு சர்வர் நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு படம் வரையும். பயத்தில் இருக்கிற மனுஷன் நிமிடத்துக்கு ஆறு படமாவது கேட்பான். பெரிதாக்குவான், நகர்த்துவான், அம்மா வீட்டைப் பார்ப்பான், மறுபடி தன் வீட்டுக்கு வருவான். ஆக இருநூறு பேர். இருநூற்று ஒன்றாவது ஆள் வந்ததும் அவனுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் நின்றுவிடும். பத்தில் ஒருவர் ஒரே நேரத்தில் திறந்தாலும் தொள்ளாயிரம் பேர் ஆயிற்றே என்று ஐந்து சர்வரும் இரண்டாவது கேபிளும் கேட்டிருந்தேன். வந்தது ஒன்று. மீதி நான்குக்கான பணம் திறப்பு விழாவுக்காகக் கூடத்துச் சுவரில் பெரிய பெரிய திரைகளாகத் தொங்குகிறது.

இதையெல்லாம் நான்காவது தடவையாக அவரிடம் சொன்னேன். ஒரு நாளைக்கு நம் தளத்தைத் திறப்பதே நாற்பது பேர்தான் என்றார். வெயில் அடிக்கிற நாளின் கணக்கு அது என்றேன். அவருக்குச் சலித்துவிட்டது.

"சரிம்மா, ஒன்பதாயிரத்த அடிச்சிடறேன். இருநூறுன்னு போட்டுக் கையெழுத்துப் போடு. மேலிடத்துல யாரும் எண்ணிப் பாக்கப் போறதில்ல."

"போடறேன் தோன் எவேலியோ. ஒன்பதாயிரம் பேர்ல எந்த இருநூறு பேர்னு நீங்க பேர் எழுதிக் குடுங்க. அதுக்குக் கீழ போடறேன்."

அவர் பேனாவை மூடினார். கணக்கில் நான் புலியாம், பிழைக்கத்தான் தெரியவில்லையாம். திங்கட்கிழமை விழாவுக்கு முன் காகிதம் வரவில்லை என்றால் என் இடத்துக்கு வேறு ஆள் வருவார் என்பதையும் நல்ல குரலிலேயே சொன்னார். எனக்குக் காது சுட்டது. பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு படி மேலே நின்றது.

ஏனென்றால் அந்தக் கையெழுத்தோடு இன்னொன்றும் போகும். ஆற்றின் மண்கரைதான் போர்தோ. வீடு கட்ட அனுமதி இல்லாத இடம், அதனால்தான் வேறு இடமில்லாத நாங்கள் எல்லாரும் அங்கே கட்டியிருக்கிறோம். கரை நெடுக நகராட்சியின் ரேடியோக்காரர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். தண்ணீர் ஏறினால் கை ரேடியோவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, வீடு வீடாகப் போய்த் தகரக் கதவைத் தட்டுவார்கள். வரைபடம் போதும் என்று நான் எழுதிக் கொடுத்தால், அந்த ஆறு பேரையும் மாதக் கடைசியில் நிறுத்திவிடுவார்கள். பிறகு மழைக்காலத்தில் ஒன்பதாயிரம் பேரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி வரும் வட்டத்தை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதில் என் அம்மாவும் ஒருத்தி.

மதியம் சந்தையில் தோன்யா எதெல்மிராவின் கடையில் பலேயாதா ரொட்டி சாப்பிட உட்கார்ந்தேன். மாவைத் தட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். போர்தோவில் என் அம்மாவுக்கு மூன்று வீடு தள்ளி அவள் வீடு. சொன்னேன். சர்வர் கிர்வர் எல்லாம் அவளுக்குச் சொல்லிப் புரிய வைக்கத் தேவையே இருக்கவில்லை. அவள் கடையில் ஒரே அடுப்பு. பன்னிரண்டு மணிக்கு நாற்பது பேர் வந்து நிற்பது அவளுக்குத் தினப்படி விஷயம்.

"உன் எவேலியோ சாயங்காலம் நாலு மணிக்கு வந்து என் கடையில வரிசையே இல்லைன்னு எழுதிட்டுப் போற ஆளு, மகளே. எத்தன பேரு வேணும் உனக்கு?"

நான் அதற்கு வரவில்லை என்றேன். அவள் விடவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்குத் திறப்பு விழா என்று ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறதே, 'எல்லாருக்குமான வரைபடம்' என்று அதில் போட்டிருக்கிறதே, எல்லாரும் திறந்து பார்த்தால் அது குற்றமா என்று கேட்டாள். சந்தையில் தக்காளி விலை சொல்லும் ஒலிபெருக்கி அவள் மச்சான் கையில்தான் இருந்தது.

முதுகுக்குப் பின்னால் குத்துவது எனக்கு ஆகாது. அலுவலகத்துக்குத் திரும்பி ஒரு கடிதம் அடித்தேன். திங்கட்கிழமை பத்து மணிக்குப் போர்தோ மக்கள் அவரவர் வீட்டை வரைபடத்தில் திறந்து பார்ப்பார்கள், சர்வர் தாங்காது, விழாவைத் தள்ளி வையுங்கள் என்று எழுதினேன். தோன் எவேலியோவின் செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கினேன். தோன் எவேலியோ அதைப் படிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் முத்திரை விழுந்த காகிதத்தை யாரும் படிப்பதில்லை, முத்திரைதான் விழுந்துவிட்டதே.

திங்கட்கிழமை மேயர் வந்தார். தலைநகரிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார், காப்பி வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். சுவரில் நான்கு திரைகளையும் சேர்த்து ஆறு நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. சர்வரைக் கவனிக்கும் வில்மர் மூலையில் கணினியோடு உட்கார்ந்திருந்தார், நான் அவர் பக்கத்தில் நின்றேன். என் காகிதத்தில் கையெழுத்து இல்லை. அதற்குப் பதில் தோன் எவேலியோ தன் கையெழுத்தையே போட்டு மேயரிடம் கொடுத்துவிட்டார் என்று காலையில்தான் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்றார். பூங்கா வந்தது. கை தட்டினார்கள்.

சந்தைப் பக்கமிருந்து ஒலிபெருக்கி கேட்டது. என்ன சொன்னார்கள் என்று கூடத்துக்குள் புரியவில்லை.

வில்மர் தன் கணினியைப் பார்த்து, வரைபடத்தைத் திறந்தவர்களை மெல்ல எண்ணினார். நூற்று எண்பது. இருநூற்று அறுபது. நானூறு. மேயர், இப்போது ஆற்றங்கரைக்குப் போவோம் என்று விரலால் நகர்த்தினார். சுவரில் ஒரு சாம்பல் சதுரம் வந்தது, அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு நான்கு திரையும் சாம்பல். ஆறு எங்கே என்று மேயர் கேட்டார். சின்னக் கோளாறு என்று தோன் எவேலியோ சொல்லிக்கொண்டே எங்களிடம் வந்து, வெளி ஆட்களை எல்லாம் துண்டித்துவிடு, சுவருக்கு மட்டும் படம் வரட்டும் என்று வில்மரின் காதில் சொன்னார்.

அது ஒரே ஒரு பொத்தான். வில்மர் என்னைப் பார்த்தார். பதினெட்டு வருட வேலை அவருக்கு, இரண்டு பிள்ளைகள் பட்டணத்தில் படிக்கிறார்கள். அவரை அழுத்தவும் விடவில்லை, அழுத்தாதீர்கள் என்று சொல்லி அவர் தலையிலும் கட்டவில்லை. கணினியை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"துண்டிக்க மாட்டேன். அவங்க யாரும் தப்புப் பண்ணல. அவங்கவங்க வீட்டப் பாக்கறாங்க."

"நொயெமி, இதோட உன் வேலை போச்சு."

"போகட்டும். ஆனா இன்னைக்கு வெயில் அடிக்குது தோன் எவேலியோ. தண்ணி ஏறுற அன்னைக்கும் இந்தப் பொத்தானத்தான் அழுத்துவீங்களா?"

இதைக் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தலைநகர அதிகாரி எழுந்து வந்து, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். எழுநூற்றுப் பத்து என்றேன். எத்தனை பேருக்குத் தாங்கும் என்றார். சொன்னேன். அவர் மேயரிடமிருந்து அந்தக் காகிதத்தை வாங்கி வாசித்தார். அதில் இருப்பது யாருடைய கையெழுத்து என்றும் பார்த்தார். மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம். காவலாளி தடுத்துப் பார்த்தான், ஆனால் எல்லாருக்கும் என்று சுவரொட்டியில் போட்டிருந்ததே. தோன்யா எதெல்மிரா முதலில் வந்தாள். கையில் மாவு இன்னும் காயவில்லை. அவள் பின்னால் படி முழுக்கக் கீழே வரை ஆட்கள். யாரும் கத்தவில்லை. எல்லாரும் கைபேசியை முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார்கள். அவள் நேராக மேயரிடம் போய்த் தன்னுடையதை அவர் கையில் வைத்தாள்.

"என் வீடு எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

மேயர் விரலால் தட்டினார். காத்திருந்தார். மறுபடி தட்டினார். கைபேசிக் கண்ணாடி முழுக்க மாவு ஒட்டியிருந்தது. அவர் அதைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். வெள்ளைத் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது, கூடத்தில் எல்லாரும் அது நிற்பதற்காக நின்றிருந்தோம்.