இரண்டு பொட்டலம் கற்பூரம்

1

கற்பூரத்தைப் பற்றி ஒரு விளக்கக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாம் பத்தியில் ஒரு பெண் வந்து நின்றாள். அவளை விளக்க முடியவில்லை. அதனால் இது கதையாகிவிட்டது.

முதல் தொடக்கம்: ‘1957. வேப்பனப்பள்ளிப் பக்கத்து மாரியம்மன் கோயிலில் பம்பை முழங்கியது. அப்போது வானில்—’

[வேண்டாம். வானில் ஒன்றும் நடக்கவில்லை.]

2

கட்டுரையில் தப்பிய பகுதி இது. வலக்கால் செருப்புக்கும் இடக்கால் செருப்புக்கும் ஒரே தோல், ஒரே தையல். ஆனால் ஒன்றை மற்றதாகப் போட முடியாது. கற்பூர மூலக்கூறும் அப்படித்தான். மரத்திலிருந்து எடுப்பது எல்லாம் வலக்கால். டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்வதில் பாதி வலம், பாதி இடம். மூக்குக்கு வித்தியாசம் தெரியாது (என்றுதான் நினைக்கிறேன்).

ராயப்பன் கிருஷ்ணகிரிக்காரர், கிறிஸ்தவர், கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். சில அணுக்கருக்கள் சிதையும்போது எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாகவே அதிகம் பறக்கின்றன என்று 1957இல் படித்தார். இயற்கைக்கே இடம் வலம் தெரிகிறது. பக்திக்குத் தெரியுமா?*

* எலக்ட்ரானிலிருந்து சாமியாட்டத்துக்கு எப்படித் தாவினார் என்பது எனக்கு இன்னும் குழப்பம்தான்.

3

முனிலட்சுமி விதவை. கொழுந்தன் ஆஞ்சப்பன் வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். திருவிழாவில் கற்பூரம் காட்டினால் அவள்மேல் மாரியம்மன் இறங்குவாள். அந்தப் பயத்தில்தான் ஆஞ்சப்பன் அவளை வீட்டைவிட்டு விரட்டாமல் இருந்தான். [அவள் நடிக்கிறாளா? இதை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன்.]

ராயப்பன் பூசாரி திம்மராயனிடம் இரண்டு பொட்டலம் கொடுத்தார். முதல் நாள் மரக் கற்பூரம், மறுநாள் ஆலைக் கற்பூரம்; எதற்குச் சாமி வருகிறது என்று பார்க்க.

முதல் நாள் சாமி வந்தது. மறுநாள் எவ்வளவு கொளுத்தியும் வரவில்லை. ராயப்பனுக்குச் சந்தோஷம். மிச்சத்தைக் கேட்டார்.

“டப்பாவுல இருக்குது சார். ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிக் கலக்கி, மொளகு போட்டு மூடிட்டேன். இல்லன்னா காத்துல கரைஞ்சிரும்.”

“எப்போ கலந்தீங்க?”

“நீங்க குடுத்த அன்னிக்கே. ஏன், மொளகு ஆகாதா?”

ஆக, இரண்டு நாளும் எரிந்தது ஒரே கலவை.

4

முனிலட்சுமி ராயப்பனைத் தேடி வந்தாள்.

“சார், கற்பூரம் உங்களுதாமே. அதுல கோளாறுன்னு எங்க கொழுந்தன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. மூட்டையக் கட்டுன்னுட்டான்.”

“அதுல கோளாறு இல்லம்மா. ரெண்டு நாளும் ஒரே கற்பூரந்தான். நேத்து வந்த சாமி இன்னிக்கு ஏன் வரல?”

“நானா கூப்புடறேன்? உங்க ஏசு எப்ப வருவேன்னு உங்ககிட்ட சொல்லிட்டா வர்றாரு?”

5

முடிவு அ: ராயப்பன் பொய் சொல்கிறார். அவள் அறை பிழைக்கிறது. அடுத்த ஆண்டு நல்ல கற்பூரத்துக்கும் சாமி வராவிட்டால்?

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறார். அவள் மூட்டையோடு காவேரிப்பட்டினம் பஸ்ஸில் ஏறுகிறாள். அங்கே அவளுக்கு— [தெரியவில்லை.]

முடிவு இ: அந்த நிமிடமே சாமி வந்துவிடுகிறது. இது எழுதுகிறவனுக்கு வசதியான முடிவு. நம்பாதீர்கள்.

6

ஆஞ்சப்பன் கோயில் வாசலில் நிற்கிறான், பக்கத்தில் முனிலட்சுமி. “சார், ஞாயமாச் சொல்லுங்க. கற்பூரத்துல கொறையா, எங்க அண்ணிகிட்ட கொறையா?”

கலந்துபோன வலத்தையும் இடத்தையும் பிரிக்க வேதியியலில் வழி உண்டு. மெதுவாக, படிப்படியாக, அதை நான் உங்களுக்கு விளக்க முடியும். இந்தக் கேள்வியைப் பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. ராயப்பன் வாயைத் திறக்கிறார். அடுத்த வாக்கியம் உங்களுடையது. எதைச் சொன்னாலும் முனிலட்சுமியின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.